மூன்று சொல்லும் மூட்டிய தீயும்

மூன்றே மூன்று சொற்கள்! அவற்றை மொழிபெயர்ப்பிலே கூட்டி எழுதினார் என்பதும் ஒருவரைக் கொல்வதற்குக் காட்டிய காரணங்களுள் ஒன்று என்றால், நம்ப மனம் வருமா? 1546ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 3ஆம் நாள், பாரிசு நகரின் மொபேர் சதுக்கத்தில் நடந்தது அந்தக் கொடுமை. மாண்டவர் எதியேன் தொலே. அறிஞர், அச்சகம் நடத்தியவர், மொழிபெயர்ப்பாளர். அவர் உடலோடு அவருடைய ஏடுகளையும் எரித்தனர்.

செய்த குற்றந்தான் என்ன? பிளேட்டோவின் பெயரால் வழங்கிய 'ஆக்சியோக்கசு' என்னும் உரையாடலைப் பிரெஞ்சிலே தந்தார். இறந்தபின் நீ இருக்கமாட்டாய் என்று சாக்ரடீசு கூறும் இடத்தில், 'ஒன்றுமே இல்லை' என அழுத்தம் கொடுக்கும் மூன்று சொற்களைச் சேர்த்தார். ஆன்மா அழியாது என்ற கோட்பாட்டுக்கே ஆபத்து என்று சீறினர் சோர்போன் சமயவாணர். தெய்வ நிந்தனை முதலான குற்றங்களைச் சாட்டிச் சாவுத் தீர்ப்பு அளித்தது நீதிமன்றம்.

மொழிபெயர்ப்புக்கு ஏன் இத்தனை அச்சம்? வழிபாட்டுக்கு இலத்தீன், கல்லூரிக்கு இலத்தீன், மருத்துவத்துக்கும் தத்துவத்துக்கும் இலத்தீன் என்றிருந்த காலம் அது. பிரெஞ்சோ, அடுப்படிக்கும் அங்காடிக்கும், கதைக்கும் காதற்பாட்டுக்கும் போதும் என்றனர் கற்றோர். அறிவுப் பெட்டகத்தின் திறவுகோல் ஒரு சிலர் கையில் இருந்தது. மொழிபெயர்ப்பாளனோ மாற்றுத் திறவுகோல் செய்பவன்! அவனை அவர்கள் அஞ்சியதில் வியப்பென்ன?

1540இல் தொலே வெளியிட்ட சிறு நூல், நன்கு மொழிபெயர்ப்பதற்கு ஐந்து விதிகள் கூறுகிறது. மூலத்தின் கருத்தை உணர். இரு மொழியும் தெளிவாகக் கல். சொல்லுக்குச் சொல் அடிமையாகாதே. மக்கள் வழங்கும் சொல்லை ஆள். ஓசை இனிக்க எழுது. இவற்றுள் நான்காவதையே நாம் தலையாயதெனக் கொள்வோம். இலத்தீன் சொற்களை அள்ளிக் கொட்டிப் பிரெஞ்சை மிரட்டாதே என்பதன்றோ அதன் பொருள்!

1539இல் முதலாம் பிரான்சுவா மன்னன், நீதிமன்ற ஆவணங்கள் பிரெஞ்சுத் தாய்மொழியில் அமைக என ஆணையிட்டான். வரவேற்கிறோம்; ஆனால் முழுமனத்தோடு அல்ல. தெற்கே ஆக்சிதானியம் பேசியவனுக்கு அது தாய்மொழியா? பிரித்தானி நாட்டு உழவனுக்குத் தாய்மொழியா? இலத்தீன் இறங்கிய அரியணையில் மன்னனின் மொழி ஏறியது. அவர்கள் மொழி வாயிலிலேயே நின்றது.

1549இல் எழுந்தது ழோவாசிம் து பெல்லேயின் 'பிரெஞ்சு மொழியின் காப்பும் விளக்கமும்'. மொழிகள் செடிகொடிபோல், சில வலிவோடும் சில நலிவோடும் தாமே முளைப்பவை அல்ல. மனிதன் விருப்பத்தால் ஆனவை என்றார் அவர். பிறப்பால் உயர்ந்த மொழி இல்லை! இதனினும் தெளிவான பகுத்தறிவு வேறேது? அறிவியலைப் பிரெஞ்சிலும் கற்பிக்கலாம் என்றும் வாதிட்டார்.

எனினும் ஒரு குறை உண்டு. மொழியை உயர்த்த மொழிபெயர்ப்புப் போதாது, பழம் புலவரைப் பின்பற்றிப் புதியன படைக்க வேண்டும் என்ற அவர், கவிதையைப் பெயர்ப்போரை இரண்டகர் என்றே இழித்தார். வேடிக்கை பாருங்கள்! அந்நூலின் வாதங்கள் பலவும் இத்தாலியர் சுபெரோனியின் உரையாடலிலிருந்து எடுத்தவை. 1552இல் அவரே வெர்சிலின் காவியத்தின் நான்காம் பகுதியைப் பெயர்த்து வெளியிட்டார்! வாய் மறுத்ததைக் கை செய்தது.

விடை 1559இல் வந்தது. ழாக் அமியோ, புளூட்டார்க்கின் 'வாழ்க்கை வரலாறு'களைப் பிரெஞ்சாக்கினார். அவர் சமயத் துறையினரே. ஆயினும் திறந்தது அறிவுக் கதவு. பிரெஞ்சு எழுத்தாளருள் அவருக்கே முதன்மை தந்தார் மொந்தேன். அமியோவின் பிரெஞ்சிலிருந்து 1579இல் தாமசு நார்த் ஆங்கிலமாக்க, அதிலிருந்து 'சூலியசு சீசர்' நாடகத்துக்குக் கரு எடுத்தார் சேக்சுபியர். மொழிபெயர்ப்பு இரவல் அல்ல, விதை!

தொலே எரிந்த இடத்தில் 1889இல் சிலை எழுப்பினர். செருமானியர் பிடியில் பாரிசு இருந்த 1942இல் அதை உருக்கினர். உடலை எரித்தனர், உலோகத்தை உருக்கினர். அவர் வளர்த்த மொழியை என்ன செய்ய முடிந்தது?

மொழிபெயர்ப்பை இரண்டாந்தர வேலை என்று எண்ணும் தோழர்களே, அந்த மூன்று சொற்களை மறவாதீர்!