கழுந்து இறங்கிய சத்தம்

சட்டத்தின் முனையில் செதுக்கிய கழுந்து பாதிவரை கையால் அழுத்தினாலே காலின் துளைக்குள் போய்விட்டது. மீதிக்குக் கொட்டாப்புளியால் இரண்டே தட்டு. கடைசித் தட்டில் சத்தம் 'டொக்' என்று மாறும் பாருங்கள், மரத்தோடு மரம் முழுசாக உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்தச் சத்தத்தை ஒரே நாளில் எட்டு முறை கேட்டேன். எட்டு முறையும் உடம்பு சிலிர்த்தது!

செய்தது ஒன்றரை அடி உயரத்தில் ஒரு சின்ன மேசைதான். நாலு கால், நாலு சட்டம், மேலே பலகை. அன்னூரில் எங்கள் கிணற்றோரம் நின்ற வாகை காற்றில் சாய்ந்தது. அதை அறுத்து, இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, இரண்டு வருஷம் சாளையில் காயவிட்டிருந்தோம். வாகையை விறகென்று தள்ளுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. ஒருமுறை இழைப்புளி ஓட்டிப் பாருங்கள்: வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் வைரம், நடுநடுவே கருங்கோடுகள். அத்தனை அழகு!

அப்புறம் மரம் குடையும் ரூட்டர். என்ன ஒரு கருவி! நிமிஷத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் ஓடும் பிட், வாகையின் வைரத்தை வெண்ணெய் போல வழித்தெடுக்கிறது. முக்கால் அங்குலக் கனச் சட்டத்துக்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது கால் அங்குலக் கழுந்து. அதற்கான துளையை ஒரே மூச்சில் போடக் கூடாது. மூன்று மில்லிமீட்டர் வீதம் ஆறேழு முறை இறக்கினால் சுவர் கண்ணாடி மாதிரி வரும். துளையின் முனைகள் அரைவட்டமாக நிற்பதால் கழுந்தின் ஓரங்களை அரத்தால் உருட்டிக்கொண்டேன். பலகையின் வெளி ஓரத்தில் ஓட்டும்போது, நமக்கு முன்னால் இருக்கும் ஓரத்தில் இடமிருந்து வலமாகப் போக வேண்டும். பிட் சுழல்வதற்கு எதிர்த்திசை அது. மாற்றி ஓட்டினால் கருவி கையை இழுத்துக்கொண்டு ஓடும். கண்ணாடியும் முகமூடியும் இல்லாமல் சுவிட்சைத் தொடவே வேண்டாம்.

மேல்பலகையைச் சட்டத்தோடு ஒட்டவில்லை. மரம் நெடுக்குவாக்கில் அநேகமாக அசையாது, ஆனால் குறுக்குவாக்கில் ஐப்பசி மழைக்கு ஊதும், சித்திரை வெயிலுக்குச் சுருங்கும். அதனால் சட்டத்தின் உள்பக்கம் காடி எடுத்து, அதில் நழுவுகிற சின்னக் கட்டைகளைப் பலகையின் அடியில் திருகி முடுக்கினேன். பலகை தன் இஷ்டத்துக்கு மூச்சுவிடலாம். இந்த ஏற்பாட்டை யோசித்தவர் யாரோ, அவரைக் கும்பிட வேண்டும்.

சாயங்காலம் பக்கத்து ஊர் ஆசாரி வந்தார். மாட்டுவண்டிச் சக்கரம் செய்த கை அவருடையது. மேசையைக் கவிழ்த்து மூலை மூலையாகத் தடவினார்.

"ஆணி ஒண்ணுகூட அடிக்கலியா கண்ணு?"

"இல்லீங்க. மூட்டுக்கெல்லாம் கழுந்தும் பசையுந்தானுங்க."

"ஆரக்கால் குடத்துல எறங்குனாப்புடியே எறங்கியிருக்குது."

சக்கரத்தின் ஒவ்வொரு ஆரக்காலும் நடுவிலுள்ள குடத்தில் கழுந்தாகத்தான் இறங்குகிறது. பாரம் ஏற்றிக் கல்லிலும் பள்ளத்திலும் ஓடினாலும் பிடி விடாது. அந்த வேலையைச் செய்த வாயிலிருந்து இப்படி ஒரு சொல்! எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

ரூட்டரைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியையும் முகமூடியையும் மாட்டிவிட்டேன். கழிவுப் பலகையில் முக்கால் அடிக்குக் காடி ஓட்டி நிறுத்தி, அதன் சுவரைக் கட்டைவிரலால் இரண்டு முறை வழித்துப் பார்த்தார்.

"இன்னொரு பலக எடு கண்ணு" என்றார்.