ப்ரீசரின் முதல் பத்து

1970களில் கலிஃபோர்னியாவின் மரின் மலைச்சரிவுகளில் சீறி இறங்கியவை பழைய ஷ்வின் சைக்கிள்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால்தான் பிரேக். ஒரே இறக்கத்தில் ஹப் கொதித்து கிரீஸ் புகையாகிவிடும்; கழற்றிப் புதிதாக அடைக்க வேண்டும். ஃபிரேம்களும் தாங்கவில்லை.

அங்கே ஓட்டியவர்களில் ஒருவரான ஜோ ப்ரீஸ் 1977-இல் இந்த இறக்கங்களுக்கென்றே குரோமோலிக் குழாய்களில் ஃபிரேம் பற்றவைத்தார். நிக்கல் முலாம், பருத்த டயர், மோட்டார் சைக்கிள் பிரேக் லீவர். ஃபிரேமின் முக்கோணத்தை ஊடறுத்து இரட்டைத் துணைக்குழாய்கள் வேறு. அடுத்த வரிசையில் அவற்றை அவரே விட்டுவிட்டார். எனக்கென்னவோ அந்த அதிகப்படி எச்சரிக்கைதான் பிடிக்கிறது. ‘ப்ரீசர்’ என்ற பெயரில் முதல் தவணையில் செய்தது பத்தே வண்டி.

1979-இல் அதே சரிவுகளில் ஓட்டிய கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும், டாம் ரிட்சி செய்த ஃபிரேம்களை வைத்து இத்தகைய மலை சைக்கிள்களை விற்கக் கம்பெனி தொடங்கினார்கள். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் ஸ்டம்ப்ஜம்பர் என்ற மலை சைக்கிளை மொத்தமாக உற்பத்தி செய்து கடைக்கு அனுப்பியது. விலையும் குறைந்தது.