பேய்க்குக் கிடைத்த கால்கள்

கறுப்பு வெள்ளையில் ஏழே நிமிடம். அதற்குள் இத்தனை குதூகலத்தை அடைக்க முடியுமா! 1933-இல் நியூயார்க்கின் ஃப்ளைஷர் ஸ்டூடியோ எடுத்த ‘ஸ்னோ ஒயிட்’ கார்ட்டூனைச் சொல்கிறேன். டிஸ்னியின் ஸ்னோ ஒயிட் வர இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. இங்கே இளவரசி, சுருள்முடி பெட்டி பூப். கதை பாதி வழியிலேயே காணாமல் போய்விடும்; போகட்டும், யாருக்கு வேண்டும் கதை?

பனிப்பெட்டிக்குள் உறைந்த பெட்டி பூப்பைக் குள்ளர்கள் குகைக்குள் சுமந்து போகிறார்கள். பின்னாலேயே கோமாளி கோகோ. அவன் வாயைத் திறந்ததும் வருவது கேப் காலோவேயின் குரல்! ஹார்லெமின் காட்டன் கிளப்பைக் கிறங்கடித்த அதே காலோவே. மேடையில் கறுப்பினக் கலைஞர்கள், எதிரே வெள்ளையர்கள் மட்டும் என்றிருந்த கிளப் அது. அங்கே நுழைய முடியாதவர்களுக்கும் அந்தக் குரலைக் கொண்டுபோய்ச் சேர்த்தவை இதுபோன்ற கார்ட்டூன்கள்.

பாட்டு, ‘செயின்ட் ஜேம்ஸ் இன்ஃபர்மரி ப்ளூஸ்’. செத்துப்போன காதலியைப் பார்த்துவிட்டு வந்தவனின் புலம்பல். பாதிப் பாட்டில் சூனியக்கார ராணி கோகோவை நெட்டைக்கால் வெள்ளைப் பேயாக்கிவிடுகிறாள். பாட்டில் தங்கக்காசு வந்தால் பேயின் உடம்பே சங்கிலியில் தொங்கும் காசாகிறது. சாராயம் வந்தால் புட்டியாகிறது. துக்கப் பாட்டுக்கு இப்படியொரு விளையாட்டு! ஆனாலும் துக்கம் துளிகூடக் கெடவில்லை. இந்தப் படத்தை ஏறத்தாழத் தனி ஆளாக வரைந்த டாக் கிராண்டாலின் கைக்கு என்ன கொடுத்தாலும் தகும்.

அந்தப் பேயின் நடையை மட்டும் கவனியுங்கள். வழுக்கிக்கொண்டே போகிறது, இடுப்பு ஒரு பக்கம், தோள் மறுபக்கம். வெறும் கற்பனையில் வராத நடை அது. மாக்ஸ் ஃப்ளைஷர் கண்டுபிடித்த ரோட்டோஸ்கோப்பின் வேலை: நிஜ மனிதன் ஆடுவதைப் படம்பிடித்து, ஒவ்வொரு பிரேமாக அதன்மேல் வரைவது. கோட்டோவியத்துக்குள் ரத்தமும் சதையுமாய் காலோவே இருக்கிறார்!

முதல்முறை பார்ப்பவர்கள் 1932-இல் வந்த ‘மின்னி தி மூச்சர்’ படத்திலிருந்து தொடங்குங்கள். அதன் ஆரம்பத்தில் தன் இசைக்குழுவுக்கு முன்னால் காலோவேயே நேரில் வந்து மிதப்பதுபோல் ஆடுவார். சற்று நேரத்தில் ஒரு வால்ரஸ் பேய் அதே ஆட்டத்தை ஆடும். அதைப் பார்த்த கையோடு ‘ஸ்னோ ஒயிட்’டுக்கு வாருங்கள். பேய் முதல் அடி வைக்கும்போதே யாருடைய கால்கள் என்று கண்டுபிடித்துவிடுவீர்கள்.