பழைய தோட்ட டிராக்டர்கள்: பாணிகளும் தரமும்

புல் வெட்டுவது, பாத்தி உழுவது, பனி தள்ளுவது என்று வீட்டு மனையின் எல்லா வேலைக்கும் ஒரே வண்டியாக அமெரிக்காவில் உருவானது தோட்ட டிராக்டர். வயல் டிராக்டரைவிட இது மிகச் சிறியது. ஆனால் புல்வெளி டிராக்டர் என்று விற்கப்படும் மெலிந்த வண்டியோடு இதைச் சேர்த்து எண்ணுவதை ரசிகர்கள் ஒப்புவதில்லை. புல்வெளி டிராக்டர் புல்லை வெட்டுவதோடு நின்றுவிடும். தோட்ட டிராக்டர் மண்ணைக் கிழித்தாக வேண்டும். அதற்காகத் தடித்த எஃகுச் சட்டம், வார்ப்பிரும்பில் செய்த பின் அச்சுப் பெட்டி, உயரமான பின் சக்கரம், கலப்பையைத் தூக்கி இறக்கும் அமைப்பு ஆகியவை அதில் இருக்கும்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்க நகரங்களைச் சுற்றிப் புறநகர்கள் பெருகின. ஓரிரு ஏக்கர் மனை, பின்புறம் காய்கறித் தோட்டம், குளிர்காலத்தில் வாசல்பாதையை மூடும் பனி என்று வாழ்ந்த குடும்பங்களுக்கு ஆளும் மாடும் வைத்து வேலை செய்ய வழியில்லை. பெரிய டிராக்டர் வாங்கவும் தேவையில்லை. இந்த இடைவெளியில் 1950களின் நடுவில் தொடங்கிய தொழில் சுமார் முப்பது ஆண்டு செழித்தது. அதன் பெரும்பகுதி விஸ்கான்சின் மாநிலத்திலேயே நடந்தது. ஜான் டீரின் தோட்ட டிராக்டர் ஹோரிகான் ஊரில் தயாரானது. சிம்ப்ளிசிட்டி, போலன்ஸ் என்ற இரு போட்டி நிறுவனங்களும் போர்ட் வாஷிங்டன் என்ற ஒரே சிற்றூரில் இருந்தன. இவர்களில் பலருக்கும் எஞ்சின் கொடுத்த கோலர் நிறுவனமும் அதே மாநிலத்ததுதான்.

அந்தக் கோலர் எஞ்சினின் பெயரிலேயே கணக்கு இருக்கிறது. கே181 என்றால் சுமார் 18 கன அங்குலக் கொள்ளளவு, ஒற்றை சிலிண்டர். கே241 சுமார் 24 கன அங்குலம், 10 குதிரைத்திறன். கே301க்கு 12, கே321க்கு 14, கே341க்கு 16 குதிரைத்திறன். கே532இல் கடைசி எண் 2 என்பதால் இரட்டை சிலிண்டர். காற்றால் குளிரும், வார்ப்பிரும்பு உடல் கொண்ட இந்த வரிசை நிறுவன வேறுபாடில்லாமல் பல வண்டிகளில் ஏறியது. எஞ்சின் இப்படிப் பொதுச்சொத்தாகிவிட்டதால், ஒரு வண்டியை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது எஞ்சினின் சக்தி பின் சக்கரத்தைச் சென்று சேரும் வழிதான். எந்த டிராக்டர் கைக்கு வர வேண்டும் என்று ரசிகர்கள் காணும் கனவும் பெரும்பாலும் இந்த வழியைப் பற்றியதே. நிறமும் பெயரும் அதற்குப் பிறகு வருபவை.

ஷாஃப்ட் வழியின் தலைமகன் கப் கேடட். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1961ஆம் ஆண்டு மாடலாக, கென்டக்கி மாநிலத்து லூயிவில் ஆலையில் இதைச் செய்தது. அதே நிறுவனத்தின் சிறிய வயல் டிராக்டரான ஃபார்மால் கப்பின் கியர் பாகங்கள் இதன் பின்பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தன. முதல் மாடலுக்குப் பின் வந்தவற்றில் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் இடையே பெல்ட் கிடையாது. நேரே ஒரு ஷாஃப்டும் கிளட்சும் மட்டுமே. ஏழு குதிரைத்திறன் வண்டிக்கு வயல் டிராக்டரின் கியரா என்று கேட்கத் தோன்றும். அறுபது ஆண்டு கழிந்தும் அந்தக் கியர்கள் ஓடிக்கொண்டிருப்பதே அதற்குப் பதில்.

கப் கேடட் ரசிகர்களுக்குள்ளும் பிரிவுகள் உண்டு. முதல் மாடலுக்கு ஒரிஜினல் என்றே பெயர். காட்சிக்கு வைக்க விரும்புவோர் அதைத் தேடுகிறார்கள். உழைக்கும் வண்டி வேண்டுவோர் 1960களில் வந்த குறுகிய சட்டத்து வண்டிகளையோ, 1970களின் தொடக்கத்தில் வந்த அகலச் சட்டத்து வண்டிகளையோ நாடுகிறார்கள். 16 குதிரைத்திறன் கொண்ட 169 குறுகிய காலமே தயாரானதால் அதற்குத் தனி மவுசு. பின்னர் வந்த குவைட்லைன் வரிசையில் அதிர்வு குறைய எஞ்சினை ரப்பர் மெத்தைகளில் வைத்தார்கள். ரப்பர் இற்றுப் போனால் எஞ்சின் அமிழ்ந்து ஷாஃப்டின் நேர்கோடு கெடும். அமைதிக்காகச் செய்த ஏற்பாடு உறுதியைக் குறைத்ததற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. 1981இல் இந்தப் பிரிவு எம்டிடி நிறுவனத்துக்குக் கைமாறியது. அந்த மாற்றக் காலத்தில் 782, 982 மாடல்களில் சில, வழக்கமான மஞ்சள் வெள்ளைக்குப் பதிலாக இன்டர்நேஷனலின் சிவப்பில் வந்தன. அந்தச் சிவப்பு வண்டி பலருடைய ஆசைப்பட்டியலில் இருக்கிறது.

பெல்ட் வழியின் பெருமை வீல் ஹார்ஸுக்கு உரியது. இண்டியானா மாநிலம் சவுத் பெண்டில் 1946இல் எல்மர் பாண்ட் தம் வீட்டில் நடந்து ஓட்டும் ஒரு சிறு டிராக்டரைச் செய்தார். அவர் மகன் செசில் அதைத் தொழிலாக வளர்த்தார். கியர்களையும் டிஃபரென்ஷியலையும் ஒரே வார்ப்பிரும்புப் பெட்டிக்குள் அடக்கிய யூனி-டிரைவ் அவர்களுடைய பெரிய சாதனை. எஞ்சினிலிருந்து ஒரு பெல்ட் அந்தப் பெட்டியின் பக்கத்திலுள்ள கப்பிக்கு ஓடுகிறது. கிளட்ச் மிதியை அழுத்தினால் பெல்ட் தளர்கிறது, வண்டி நிற்கிறது. அவ்வளவுதான் சூத்திரம். பெல்ட் என்றதும் மட்டமாக நினைக்கும் ஷாஃப்ட் கட்சிக்காரர்கள், தேய்ந்த பெல்ட்டை மாற்ற சிறிது நேரமும் சொற்பப் பணமும் போதும் என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். தொடக்க கால ஆர்ஜே வண்டிகள் காட்சிப் பொருள். எட்டு வேக சி வரிசை வேலைக்காரன். 1974இல் அமெரிக்கன் மோட்டார்ஸிடமும் 1986இல் டோரோவிடமும் நிறுவனம் சென்றது. டோரோ காலத்து 520-எச், ஓனான் இரட்டை சிலிண்டர் எஞ்சினோடு இந்தக் குலத்தின் உச்சியாக மதிக்கப்படுகிறது.

இதே நிறுவனத்தின் டி-250 விதிவிலக்கான ஒரு கனவு. ஜெர்மனியின் குட்பிராட் நிறுவனம் கட்டித் தர, பிரெஞ்சு ரெனோவின் நான்கு சிலிண்டர், நீர் குளிர்ச்சி எஞ்சினோடு அமெரிக்கச் சிவப்பில் விற்கப்பட்ட வண்டி அது. ஆசைப்படுவோர் பலர். ஆனால் உதிரிபாகம் தேடும் பாடு தெரிந்தவர்கள் பார்த்து ரசிப்பதோடு நின்றுகொள்வார்கள்.

ஜான் டீரின் புகழ் வேறு வகை. 1963இல் வந்த 110 பெல்ட் வண்டிதான். ஆனால் விட்டம் மாறும் கப்பி ஒன்றை நெம்புகோலால் இயக்கி, கியர் மாற்றாமலேயே வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். 1967 வரை வந்த வட்ட மட்கார்டு வண்டிகளுக்குச் சேகரிப்பாளரிடையே முதல் மரியாதை. 1968இல் வந்த 140, எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுழற்றும் ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டி. அதிலும் எச்3 என்ற வகையில் மூன்று ஹைட்ராலிக் நெம்புகோல்கள். முன்னால் பனித் தகடு, அடியில் புல்வெட்டி, பின்னால் வேறொரு கருவி என்று மூன்றையும் தனித்தனியே தூக்கலாம், இறக்கலாம்.

1969இல் இந்நிறுவனம் ஒரு வேடிக்கை செய்தது. பேட்டியோ வரிசை என்ற பெயரில் வண்டியின் உடலை வெள்ளையாக்கி, பானெட்டுக்கும் இருக்கைக்கும் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, நீலம் என நான்கு நிறங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. பச்சைக்குப் பழகியவர்கள் பெரிதாக மயங்கவில்லை. திட்டம் சீக்கிரமே கைவிடப்பட்டது. இன்று அந்த நான்கு நிறத்தையும் வரிசையாகக் கொட்டகையில் நிறுத்துவது ஜான் டீர் சேகரிப்பாளரின் பெருங்கனவு. இயந்திர அளவில் பச்சை வண்டிக்கும் இவற்றுக்கும் வேறுபாடு இல்லை. உழைப்பவர்களின் கனவோ 1983 முதல் 1992 வரை வந்த 318. பவர் ஸ்டியரிங், ஹைட்ராலிக் தூக்கு, 18 குதிரைத்திறன் ஓனான் எஞ்சின் கொண்டது. அதற்கும் மேலே யான்மார் டீசல் எஞ்சின் பொருத்திய 430. ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்றால் 318 என்று சொல்பவர் பலர். அந்தத் தேர்வில் தவறு காண்பது கடினம்.

ஹைட்ராலிக் வழியை எல்லை வரை கொண்டுபோனது கேஸ். 1964இல் விஸ்கான்சினின் கோல்ட் நிறுவனத்தை வாங்கி இத்துறைக்குள் நுழைந்தது. ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டிகளில் நுட்பமான பிஸ்டன் பம்பு இருக்கும். கேஸில் அதற்குப் பதில் எளிய கியர் பம்பு, ஒரு வால்வு, பின் அச்சில் ஒரு ஹைட்ராலிக் மோட்டார். ஒரே நெம்புகோலை முன் தள்ளினால் முன்னே, பின் இழுத்தால் பின்னே. இதே எண்ணெய் அழுத்தம் தூக்கும் வேலையையும் செய்யும். குழாய் மாட்டிவிட்டால் பின்னால் உள்ள ரோட்டவேட்டரையும் சுழற்றும். எஞ்சினிலிருந்து ரோட்டவேட்டருக்கு பெல்ட் இழுக்கும் தொல்லை இல்லை. 446, 448 ஆகிய உயர் சக்கர வண்டிகள் இந்தக் குலத்தின் தலைமணிகள். 1983இல் இப்பிரிவு இங்கர்சாலுக்குப் போன பிறகும் வடிவம் பெரிதாக மாறவில்லை. இழுவையில் இதற்கு நிகர் இல்லை என்று இதன் ரசிகர்கள் அடித்துச் சொல்வார்கள். சூடேறிய எண்ணெயின் இரைச்சலைப் பற்றி மட்டும் அதிகம் பேசமாட்டார்கள்.

மேற்கு வர்ஜீனியாவின் டன்பரில் பெஞ்சமின் கிரேவ்லி தொடங்கிய கிரேவ்லி வண்டிகள் முழுக்கப் பல்சக்கர வழி. ஓட்டுநருக்குப் பின்னால் எஞ்சின், எட்டு வேகம். கிளட்ச் மிதிக்காமலேயே முன்னும் பின்னும் மாற்றலாம். சிம்ப்ளிசிட்டி வண்டிகளையே ஆலிஸ் சால்மர்ஸ் தன் பெயரில் பி-1 என்று 1961இல் விற்றது. 1965இல் நிறுவனத்தையே வாங்கிவிட்டது. இவற்றில் எஞ்சினுக்குப் பின்னால் சக்தியைத் திருப்பிவிடும் சரிவுப் பல்சக்கரப் பெட்டி ஒன்று உண்டு. அதில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்காத உரிமையாளர் அடுத்த பெட்டியைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

ஜெனரல் எலக்ட்ரிக் 1969இல் வெளியிட்ட எலெக்-டிராக் எந்தக் குலத்திலும் சேராது. ஆறு வோல்ட் பேட்டரிகள் ஆறு சேர்ந்து 36 வோல்ட். பேட்டரியின் பாரமே சக்கரத்துக்குப் பிடிமானம் தந்தது. வேலி வெட்டவும் மரம் அறுக்கவும் அதே மின்சாரத்தில் ஓடும் கைக்கருவிகளும் விற்றார்கள். பேட்டரி வாகனம் சாலைக்கு வந்துவிட்ட இக்காலத்தில் இதைத் தேடுவோர் கூடியிருப்பதில் வியப்பில்லை.

தரம் பார்க்கும் முறையில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சிக்கு ஆலையிலிருந்து வந்த பெயின்ட், ஸ்டிக்கர், தகட்டு எண் ஆகியவை அழியாமல் இருக்க வேண்டும். துரு கொஞ்சம் இருந்தாலும் சரி, மறுபூச்சு கூடாது. மற்றக் கட்சி போல்ட் போல்டாகக் கழற்றிப் புதிதாக்கும். எந்தக் கட்சியானாலும் வாங்கப் போகும்போது கை வைக்கும் இடங்கள் ஒன்றே. ஹைட்ரோஸ்டாட்டிக் வகைக் கப் கேடட்டில் வேக நெம்புகோலோடு இணைந்த தகட்டின் துளை தேய்ந்திருந்தால் வண்டி நடுநிலையில் நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருக்கும். துளையை வெல்டிங்கால் நிரப்பி மறுபடி அராவினால் சரியாகும். பெரிய கோலர் எஞ்சின்கள் சிலவற்றுக்குள் அதிர்வைத் தணிக்கும் சமநிலைப் பல்சக்கரங்கள் உண்டு. அவை உடைந்தால் எஞ்சின் உடலையே துளைத்துவிடும். எனவே எஞ்சின் பிரிக்கும் மெக்கானிக் பெரும்பாலும் அவற்றைக் கழற்றி ஓரம் வைத்துவிடுவார். ஓனான் எஞ்சினில் தகட்டு உறைக்குள் புல்தூசியும் எலிக்கூடும் அடைத்துச் சூடேறினால் வால்வு சீட் கழன்று போகும். உறையைக் கழற்றிப் பார்க்க விற்பவர் தயங்கினால் வாங்குபவர் தயங்குவதே நல்லது.

கடைசியில் விலையைத் தீர்மானிப்பது வண்டி மட்டுமல்ல. கலப்பை, ரோட்டவேட்டர், மூன்று புள்ளி இணைப்பு, பனி வாரி வீசும் கருவி, சக்கரப் பாரம் ஆகியவை அந்தந்த மாடலுக்கென்றே செய்யப்பட்டவை. ஒரு குலத்துக் கருவி மற்றொரு குலத்துக்குப் பொருந்துவது அபூர்வம். உழவு நாள் என்று ரசிகர்கள் கூடி வயல் உழும்போது, வலப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் சாலுக்குள் இறங்கி வண்டி சாய்ந்து ஓட, மண் ஒரே சீராகப் புரண்டு விழ வேண்டும். அதற்குச் சரியான கலப்பையும் பாரமும் தேவை. ஹைட்ராலிக் ரோட்டவேட்டரோடு கிடைக்கும் கேஸ், மூன்று புள்ளி இணைப்போடு கிடைக்கும் 318, மெதுவான கூடுதல் கியர் பொருத்திய கப் கேடட் ஆகியவற்றுக்கு வெறும் வண்டியைவிட வெகுவாக அதிக விலை சொல்லப்படுகிறது. சில வேளைகளில் கருவியை மட்டும் விரும்பி, அதோடு ஒட்டிக்கொண்டு வரும் ஓடாத வண்டியையும் சேர்த்தே வாங்கிவிடுகிறார்கள்.