பாட்டுக்குப் படியளப்பவர் யார்? காங்கோ இசைக்கலைஞர்களின் வருமான வழிகள்

காங்கோ ஜனநாயகக் குடியரசின் தலைநகரான கின்ஷாசாவில் மேடையேறும் கித்தார் கலைஞர்கள் பலருக்குச் சொந்தக் கித்தார் கிடையாது. கருவிகள் குழுத் தலைவருடையவை. வரும்படியும் முதலில் அவர் கைக்கே போகும். மற்றவர்களுக்கு அவர் பார்த்துக் கொடுப்பதுதான். 2021இல் காங்கோ ரும்பாவை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்த பிறகும் இந்த ஏற்பாடு மாறவில்லை. அங்கே பாட்டுக்குப் படியளப்பவர் பெரும்பாலும் ரசிகர் அல்லர், புரவலர்.

புரவலர்கள்தான் மாறி வந்திருக்கிறார்கள். 1940களின் இறுதியில் 'ங்கோமா' போன்ற இசைத்தட்டு நிறுவனங்களை நடத்திய கிரேக்க வணிகர்கள். பிறகு அதிபர் மொபுட்டுவின் அரசு. ஓ.கே. ஜாஸ் குழுவின் ஃபிராங்கோவுக்கு இசைத்தட்டு ஆலையே கிடைத்தது அந்த அரசின் தயவில். பாட்டு ஆபாசம் என்று 1978இல் அவரைச் சிறையில் தள்ளியதும் அதே அரசுதான். பின்னர் பொருளாதாரம் சரிந்து, கள்ளப் பிரதிகள் பெருகியதும் பீர் நிறுவனங்கள் முன்வந்தன. 1997இல் வெங்கே மியூசிகா குழு உடைந்தபின் அதன் பாடகர்களில் வெராசன் பிரிமுஸ் பீர் பக்கமும் ஜே.பி. ம்பியானா ஸ்கோல் பீர் பக்கமும் நின்றார்கள்.

இன்னொரு வரும்படி 'மபங்கா'. பாட்டு வேகமெடுத்துக் கித்தார்கள் முன்னுக்கு வரும் 'செபென்' பகுதியில் வணிகர், அரசியல்வாதி, வெளிநாட்டில் வசிக்கும் வசதிக்காரர் ஆகியோரின் பெயர்களைப் பாடகர் அடுக்குவார். பெயர் வரக் காசு. முழுப் பாட்டும் ஒருவரைப் புகழ்ந்தால் கூடுதல் காசு.

வெளியே போனவர்களின் பாதைகள் வேறு. பாடகர்கள் சம்பா மபங்காலா நைரோபியிலும் ரெம்மி ஒங்காலா தார் எஸ் சலாமிலும் வேரூன்றினார்கள். காண்டா போங்கோ மேன் பாரிஸிலிருந்து உலகச் சந்தையைப் பிடித்தார். குழுவில் ஓர் இடம் என்பதே விசாவுக்கு வழியானது. இசைக்கலைஞர்கள் என்ற பெயரில் ஆட்களைப் பிரான்ஸுக்குள் கொண்டுவந்ததாக 2003இல் கைதான பாடகர் பாப்பா வெம்பா, மறு ஆண்டு தண்டனையும் பெற்றார்.

ஊர் வருமானம் வெளிநாட்டு வருமானத்தைக் கெடுத்ததும் உண்டு. காங்கோ ஆட்சியாளரைப் புகழ்ந்தவர்கள் என்று கருதப்பட்ட பாடகர்களின் கச்சேரிகளைப் பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், லண்டன் நகரங்களில் 'கொம்பத்தாங்' எனப்படும் புலம்பெயர் எதிர்ப்பாளர்கள் பல ஆண்டுகள் முடக்கினார்கள். 2020 பிப்ரவரியில் ஃபாலி இப்புப்பா பாரிஸின் பெர்சி அரங்கில் பாடிய இரவில் வெளியே வண்டிகள் எரிந்தன. குழுத் தலைவருக்கு மபங்காவாவது மிஞ்சியது. ஐரோப்பியப் பயணத்தை நம்பியிருந்த வாத்தியக்காரருக்கு ஒன்றும் இல்லை.

கின்ஷாசாவில் பிறந்து ஐரோப்பாவில் வளர்ந்த கிம்ஸ், தாம்சோ போன்றோருக்கு இந்த நெருக்கடி இல்லை. அவர்கள் பிரெஞ்சில் பாடுகிறார்கள். ஒலிபரப்புக்கும் கச்சேரிக்கும் உரிமைத்தொகை வசூலித்துத் தர அங்கே அமைப்புகள் இயங்குகின்றன. காங்கோவிலும் 'சோகோடா' என்ற உரிமைச் சங்கம் இருக்கிறது. அதன்மேல் கலைஞர்களின் புகார் ஓயவில்லை. காசுக்குப் பெயர் பாடுவது கலைக்கு இழுக்கு என்று விமர்சகர்கள் சொல்லலாம். உரிமைத்தொகை ஒழுங்காக வீடு வந்து சேரும்வரை, அந்தப் பெயர்கள்தான் கலைஞர்களுக்குச் சம்பளம்.