வேகன் வீல் பாரில் யார் உட்கார்ந்திருந்தார்கள்?

சென்னையில் டெக் மீட்டப் நடத்துறவங்ககிட்ட பத்து நிமிஷம் பேசினால் சிலிக்கான் வேலி கதை ஒன்று வந்துவிடும். மவுன்டன் வியூ ஊரில் வேகன் வீல்னு ஒரு பார். சாயங்காலமானால் பக்கத்து செமிகண்டக்டர் கம்பெனிகளின் எஞ்சினியர்கள் அங்கே கூடுவார்கள். போட்டிக் கம்பெனிக்காரனிடமே தன் சிக்கலைச் சொல்லி யோசனை கேட்பார்கள். அப்படிப் பேசிப் பேசியே ஊர் வளர்ந்தது, நாமும் கூடுவோம் வாங்க என்று கதை முடியும்.

இந்தக் கதைக்கு ஆய்வு அந்தஸ்து கொடுத்தது அன்னாலீ சாக்ஸீனியனின் ‘ரீஜனல் அட்வான்டேஜ்’ (1994). போன மாதம் இரண்டாவது முறையாகப் படித்தேன். முதல் தடவை தலையாட்டிக்கொண்டே படித்தது. இந்தத் தடவை அங்கங்கே நிற்க வேண்டியிருந்தது.

புத்தகத்தின் கேள்வி அருமையானது. பாஸ்டனைச் சுற்றிப் போகும் ரூட் 128 சாலையோரக் கம்பெனிகள் ஒரு பக்கம், சிலிக்கான் வேலி இன்னொரு பக்கம். அங்கே எம்ஐடி, இங்கே ஸ்டான்ஃபோர்டு. ரெண்டு இடத்திலும் ராணுவப் பணம் கொட்டியது. அப்புறம் ஏன் எண்பதுகளின் சரிவிலிருந்து ஒன்று எழுந்தது, மற்றது தேங்கியது? டிஇசி, வாங் மாதிரி கம்பெனிகள் எல்லாவற்றையும் நாலு சுவருக்குள்ளேயே செய்தன. வேலியில் அறிவு கம்பெனி கம்பெனியாக நடமாடியது என்கிறார். டிஇசி பற்றிய பகுதிகளுக்காகவே புத்தகத்தை வாங்கலாம்.

எனக்கு இடிக்கிறது அவர் தரும் விளக்கம். அந்த நடமாட்டத்தைப் பெரும்பாலும் ‘கலாசாரம்’ என்ற கணக்கில் எழுதிவிடுகிறார். வேலிக்காரர்கள் திறந்த மனசுக்காரர்கள், பாஸ்டன்காரர்கள் கட்டுப்பெட்டிகள். சரி, அந்த மனசு எங்கிருந்து வந்தது?

சொந்தக் கதை ஒன்று. சில வருஷம் முன்னால் ஒரு மீட்டப்பில் பேசினேன். எங்கள் கியூவில் ஒரே மெசேஜ் இரண்டு முறை ப்ராசஸ் ஆகி நாங்கள் திண்டாடிய கதை. கம்பெனி பெயரோ வாடிக்கையாளர் பெயரோ சொல்லவில்லை. பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருத்தர் வந்து, டைம்அவுட் எங்கே தப்பாக வைத்திருக்கிறோம் என்று பத்து நிமிஷத்தில் காட்டிவிட்டார். மூன்று வாரம் நாங்கள் தேடியது. திங்கட்கிழமை ஹெச்ஆர் கூப்பிட்டார்கள். ‘யார்கிட்ட பர்மிஷன் வாங்கினீங்க?’ இனிமேல் பேசமாட்டேன் என்று ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதற்கப்புறம் நான் கொடுத்த டாக் எல்லாம் டாக்குமென்டேஷனில் ஏற்கெனவே இருக்கிற சமாச்சாரம்தான். கைதட்டு வந்தது. யாரும் பின்வரிசையிலிருந்து எழுந்து வரவில்லை.

ரொனால்ட் கில்சன் என்ற சட்டப் பேராசிரியர் 1999-இல் ஒரு கட்டுரையில் இந்த ஓட்டையைத்தான் பிடித்தார். வேலையை விட்டுப் போனவர் போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது என்ற ஒப்பந்தம் கலிஃபோர்னியாவில் பொதுவாகச் செல்லாது. 1872-லிருந்து அப்படித்தான். மாசசூசெட்ஸில் அது செல்லுபடியாகும். 2018-இல்தான் புதுச்சட்டம் போட்டு ஒரு வருஷத்துக்குள் சுருக்கினார்கள். பாரில் எதிரே உட்கார்ந்திருந்தவர் அடுத்த மாதம் உன் முதலாளி ஆகலாம் என்றால் பேச்சு தானாக வரும்.

இங்கே எனக்கு ஒரு சங்கடம். நம்ம இந்திய ஒப்பந்தச் சட்டமும் 1872தான். அதன் 27-ஆம் பிரிவும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. இரண்டுமே நியூயார்க்குக்காக டேவிட் ஃபீல்டு எழுதிய வரைவிலிருந்து வந்தவை. கில்சன் கணக்குப்படி பழைய மகாபலிபுரம் சாலை என்றைக்கோ வேலி ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லையே! நம்மைக் கட்டிவைப்பது வேறு கயிறு: தொண்ணூறு நாள் நோட்டீஸ், ரிலீவிங் லெட்டர், பாண்டு. மூன்று வருஷத்துக்குள் விலகினால் இரண்டு லட்சம் கட்டணும் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் பாண்டு செல்லும் என்று 2025-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சட்டப் புத்தகத்தில் கதவு திறந்திருந்தாலும் வாசல் தாண்டத் தெம்பு வேணும் இல்லையா. அந்தக் கணக்கு சாக்ஸீனியனிடமும் இல்லை, கில்சனிடமும் போதவில்லை.

இன்னொன்று. வேலியில் சிப் அசெம்பிளி செய்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள், அதிலும் பலர் குடியேறிகள். அவர்களுக்கும் சிக்கல்கள் இருந்திருக்கும், யோசனைகளும் இருந்திருக்கும். வேகன் வீல் கதையில் அவர்கள் வருவதே இல்லை. நம்ம மீட்டப்பிலும் டெஸ்டிங்கில் இருக்கிறவர்கள், சின்ன ஸ்டூடியோவில் கான்ட்ராக்டில் ஓடும் டிசைனர்கள் எத்தனை பேர் மைக் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு கை விரல்கள் போதும்.

பாரைவிட எனக்கு உபயோகமாகத் தெரிவது ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப். 1975 மார்ச் 5, மென்லோ பார்க்கில் ஒரு கராஜில் முதல் கூட்டம். எல்லோரும் கராஜைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். பிறகு கூட்டங்களை நடத்திய லீ ஃபெல்சென்ஸ்டைனுக்கு ஒரு முறை இருந்தது. முதலில் ‘மேப்பிங்’: எழுந்து, என்ன செய்கிறாய், என்ன வேண்டும், என்ன தெரியும் என்று சுருக்கமாகச் சொல்ல வேண்டும். அப்புறம் ‘ரேண்டம் ஆக்ஸஸ்’: யாருக்கு யார் வேண்டுமோ அவரைத் தேடிப் போகலாம்.

நாங்கள் இதை இரண்டு கூட்டங்களில் செய்து பார்த்தோம், ஸ்லைடு இல்லாமல், யார் எந்தக் கம்பெனி என்று சொல்லாமல். முதல் கூட்டத்தில் எல்லோரும் ‘கத்துக்க வந்தேன்’ என்றார்கள். இரண்டாவதில் ஒரு பெண், டெஸ்டர், பில்லிங்கில் பைசா கணக்கு இடிக்குது, ஆறு வாரமா புரியலை என்றார். நாலு பேர் அவரிடம் போனார்கள். அதில் ஒருவர் என் பழைய கம்பெனிக்காரர்.