பத்து இருபதானது – பட்டறை அறியுமா?

நூலுக்கு மதிப்புரை எழுதுகிறோம், நாடகத்துக்கு எழுதுகிறோம், திரைப்படத்துக்கோ பக்கம் பக்கமாக எழுதிக் குவிக்கிறோம். ஆனால், ஆயிரக்கணக்கில் அச்சேறி, ஆயிரமாயிரம் கைகளுக்குச் சென்று, மாலைக்குள் தெருப்புழுதியில் சேர்ந்துவிடும் துண்டறிக்கைக்கு மதிப்புரை எழுதுவார் இல்லை. அதன் உடன்பிறப்பான மேடைப் பேச்சுக்கும் இல்லை. கொள்கை நல்லது, ஆகவே பேச்சும் நல்லது என்று விட்டுவிடுகிறோம். பயிர் நல்லது என்பதற்காகக் களையெடுக்காமல் இருப்பானா உழவன்? களையெடுக்கும் அந்த வேலையை இவ்வாரம் மேற்கொள்கிறோம்.

சேலம், நாமக்கல் சமவெளியில், தொழிலாளர் காப்புச் சட்டங்கள் தளர்த்தப்படுவதை எதிர்த்தும், மக்கள் நலத் திட்டங்கள் குறுக்கப்படுவதை எதிர்த்தும் நடந்துவரும் பிரசாரமே நாம் எடுத்துக்கொண்ட பொருள். பிரசாரம் புரிவோர் நம் தோழர்கள். அவர்தம் நோக்கமே நம் நோக்கமும். மாற்றான் பேச்சில் பிழை இருப்பின் நமக்கு ஆதாயம். தோழன் பேச்சில் பிழை இருப்பின் நட்டம் நம்முடையதன்றோ? ஆகவே ஆராய்கிறோம்.

எதிர்ப்புக்குரிய செய்தியை முதலில் சுருக்கிச் சொல்வோம். மத்திய அரசின் 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளுக்குள் அடக்கினர். ஊதியத் தொகுப்பு 2019இல் வந்தது. மற்ற மூன்றும் 2020 செப்டம்பரில், எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த வேளையில் நிறைவேறின. 2025 நவம்பர் 21ஆம் நாள் நான்கும் நடைமுறைக்கு வந்தன. எளிமை என்பது இதற்கு இட்ட பெயர். அந்த எளிமையின் இலக்கணம் யாது? ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன் அனுமதி பெறவேண்டிய வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300 தொழிலாளருக்கு உயர்ந்தது. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் வரம்பு 20இலிருந்து 50க்கு ஏறியது. எந்தத் தொழிலானாலும் 14 நாள் முன்னறிவிப்பின்றி வேலைநிறுத்தம் கூடாது என்றாயிற்று. பாதிப்பேர் ஒரே நாளில் விடுப்பெடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமே என்றாயிற்று. முதலாளிக்கு எளிமை, தொழிலாளிக்குச் சிக்கல்!

நேர்மையோடு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் பணி நியமனக் கடிதம், 40 வயது கடந்தோர்க்கு ஆண்டுதோறும் இலவச உடற்சோதனை, செயலி வழி உணவும் பொருளும் கொண்டுசெல்லும் தொழிலாளருக்குச் சட்டத்தில் ஓர் இடம், இவையும் அத்தொகுப்புகளில் உண்டு. இவற்றை மறைத்துப் பேசும் மேடை, கேட்பவன் ஒருவன் எழுந்து கேள்வி கேட்டால் தடுமாறும்.

மேடை எப்படிப் பேசுகிறது? 29 நான்கானது, 100 முந்நூறானது என்று எண்களை அடுக்குகிறது. உரத்த குரல், உண்மையான சினம். சேலத்து உருக்காலைத் தொழிலாளிக்கும் நூற்பாலைத் தொழிலாளிக்கும் அந்த எண்கள் பொருளுடையவை. அவர்களுக்குச் சங்கம் உண்டு, வருகைப் பதிவேடு உண்டு, இழப்பதற்கு உரிமையும் உண்டு. ஆனால், இச்சமவெளியின் உழைப்பாளிகள் அனைவரும் ஆலை வாயிலில் அட்டை காட்டி நுழைவோரா? காவிரியின் இக்கரையில் குமாரபாளையத்தையும் பள்ளிபாளையத்தையும் பாருங்கள். எடப்பாடி, சலகண்டபுரம், திருச்செங்கோடு என்று உள்ளே வாருங்கள். ஓட்டுக் கூரையின் கீழ் எட்டுத் தறி, பத்துத் தறி, பதினாறு தறி. செவிகள் மரத்துப்போகும் நாடாவின் ஓசை. அறுந்த இழையை முடிந்து முடிந்து விரல்நுனி தேய்ந்தவர்கள். நெய்த மீட்டருக்குத்தான் கூலி. மின்சாரம் நின்றால் கூலியும் நிற்கும். பகல் ஷிப்டுக்குப் பன்னிரண்டு மணி நேரம், இரவு ஷிப்டுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்பது அங்கே பழகிப்போன முறை. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்குப் பற்றுவைப்பவரும், இராசிபுரம் ஆத்தூர்ப் பக்கத்தில் ஜவ்வரிசி ஆலையில் கிழங்குப்பால் அலசுபவரும் இவர்களுக்கு நெடுந்தொலைவில் இல்லை.

இவர்களிடம் போய், உங்கள் உரிமை பறிபோகிறது என்று முழங்கினால் என்ன நினைப்பார்கள்? எந்த உரிமை என்று வியப்பார்கள்! 48 மணி நேர வாரத்தை 1946இல் வைசிராய் அவையின் தொழிலாளர் உறுப்பினராயிருந்த அம்பேத்கர் சட்டமாக்க முனைந்தார். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அதை உறுதி செய்தது. மிகைநேரத்துக்கு இருமடங்கு ஊதியம் என்றது அச்சட்டம். அதைத் தறிப்பட்டறைக்குள் கொண்டுவந்து காட்டியவர் எத்தனை பேர்? வராத விருந்தாளி போய்விட்டானே என்று அழச்சொன்னால் எவன் அழுவான்? தறிக்காரன் கூட்டத்தின் ஓரத்தில் நின்று, கைகட்டிக் கேட்டுவிட்டு, இரவு ஷிப்டுக்கு நேரமாயிற்றென்று போய்விடுவதற்கு அவனுடைய அறியாமை காரணமன்று. நம் பேச்சின் குறையே காரணம்.

அவனைத் தொடும் எண் ஒன்று அத்தொகுப்பிலேயே இருக்கிறது. 300 அன்று, 20. பழைய சட்டப்படி, மின்விசையைக் கொண்டு பத்துப்பேர் வேலை செய்யும் இடம் தொழிற்சாலை. புதிய தொகுப்பின்படி இருபதுபேர் வேண்டும். பதினைந்துபேர் உழைக்கும் பட்டறை நேற்றுவரை சட்டத்தின் கண்ணில் தொழிற்சாலை, இன்று அன்று. தறியும் அதே தறி, ஓசையும் அதே ஓசை, பெயர் மட்டும் மாய்ந்தது! ஒரே கூரையின் கீழுள்ள தறிகளை அண்ணன் பெயரில் சில, தம்பி பெயரில் சில எனப் பிரித்தெழுதிப் பத்துக்குக் கீழே பதுங்கும் வித்தையைக் கற்றவர்கள் உண்டு. இனி அந்த வித்தைக்கும் வேலை குறைவு; பதுங்கும் இடத்தைச் சட்டமே அகலமாக்கிக் கொடுத்துவிட்டது.

இங்கும் பேச்சாளருக்கு ஓர் எச்சரிக்கை. தொழிற்சாலை என்னும் பெயர் போனதால் எல்லாமே போய்விட்டது என்று முழங்குதல் பிழை. பத்துப்பேருக்கு மேற்பட்ட இடம், நிறுவனம் என்னும் பொதுப்பெயரில் தொகுப்புக்குள் நிற்கிறது. நாளுக்கு எட்டு மணி நேரம் என்றே தொகுப்பும் கூறுகிறது. போனவை, தொழிற்சாலைக்கென்றே வகுத்த தனி விதிகள். இதைப் பகுத்துச் சொன்னால் பேச்சின் வேகம் குறையும் என்று அஞ்சுகிறார்கள். குறையாது. எட்டு மணி என்று உங்கள் தொகுப்பே சொல்கிறதே, பட்டறையில் பன்னிரண்டு மணி ஓடுகிறதே, ஆய்வாளர் எங்கே என்று கேட்கலாமே! ஆளவந்தாரின் நூலையே ஆளவந்தாருக்கு எதிரான சான்றாக்கும் அந்தக் கேள்விக்கு முன்னே வெறும் முழக்கம் எம்மாத்திரம்?

2023ஆம் ஆண்டு நிகழ்ச்சியை இங்கே நினைவூட்டுவது கடமை. அவ்வாண்டு ஏப்ரல் 21இல் தமிழகச் சட்டமன்றத்தில், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிதிறக்கும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. கொண்டுவந்தது டெல்லி அன்று. திராவிட இயக்கத்தின் பெயர் சொல்லும் ஆட்சியே கொண்டுவந்தது. சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடியது 1923இல். அதன் நூற்றாண்டு நிறையப் பத்து நாள் இருக்கையில் இந்தத் திருத்தம்! தோழமைக் கட்சிகள் வெளிநடப்புச் செய்தன. சங்கங்கள் நிறம் பாராமல் எதிர்த்தன. 24ஆம் நாள் அது நிறுத்திவைக்கப்பட்டது. மே முதல் நாளில் திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். எதிர்ப்பு ஏன் அத்தனை விரைவில் வென்றது? எட்டு மணி நேரம் என்பது விளக்கம் வேண்டாத சொல். பாட்டாளி ஒவ்வொருவனும் தன் உடலாலேயே படித்த பாடம் அது. உடலைத் தொடும் சொல் வெல்லும் என்பதற்கு அதுவே சான்று.

அந்த வெற்றியிலும் ஒரு வடு உண்டு. திருத்தம் திரும்பப் பெறப்பட்ட அந்த மே நாளுக்குப் பின்னும் பள்ளிபாளையத்துப் பட்டறைகளில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு மறையவில்லை. சட்டமன்றத்தில் வீழ்ந்த பன்னிரண்டு, தறிக்கூடத்தில் வாழ்ந்தது. வெற்றிவிழா கொண்டாடியவர்கள் அங்கே போயிருக்க வேண்டாவா?

போயிருந்தால் பாக்கி என்ற சொல்லைக் கேட்டிருப்பார்கள். தறிக்காரர் வேலையில் சேரும்போது முதலாளியிடம் வாங்கும் முன்பணத்துக்கு அவ்வட்டாரத்தில் பாக்கி என்று பெயர். கீர்ட் டி நேவ் என்னும் மானுடவியல் அறிஞர் குமாரபாளையத்துப் பட்டறைகளை ஆராய்ந்து, 1999இல் இதைப்பற்றியே தனிக் கட்டுரை எழுதினார். ஆள் கிடைக்காத காலத்தில் தொழிலாளி கேட்டு வாங்கிய பணம், நாளடைவில் அவன் காலைக் கட்டும் கயிறாகிவிடுகிறது. பாக்கியை அடைக்காமல் பட்டறை மாற முடியாது. மாறினால் புதிய முதலாளி அடைத்துத் தன் கணக்கில் ஏற்றிக்கொள்கிறார். கயிறு அறுவதில்லை, கை மாறுகிறது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இலும், கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இலும் வந்தன. பாக்கிப் புத்தகம் அவற்றைப் படித்ததாகத் தெரியவில்லை.

கடனின் கடைசி எல்லையை 2025 ஜூலையில் நாடே கண்டது. பள்ளிபாளையம் வட்டாரத்தில் வறுமையும் கடனும் நெருக்கிய விசைத்தறித் தொழிலாளர், தரகர் வலையில் சிக்கிச் சிறுநீரகத்தை விற்ற செய்தி வெளியாயிற்று. விசாரணை நடந்தது; உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. அதே ஜூலையின் 9ஆம் நாளன்றுதான் தொழிலாளர் தொகுப்புகளை எதிர்த்து நாடு தழுவிய பொது வேலைநிறுத்தம் நடந்தது. இரண்டும் ஒரே மாதத்துச் செய்திகள். ஒரே நோயின் இரு குறிகள். நோயுற்றால் ஊதியம் இல்லை, முதுமைக்குச் சேமநிதி இல்லை, மகள் திருமணத்துக்குக் கடனைத் தவிர வேறு வழியில்லை. அத்தகைய வாழ்வில் விற்பதற்கு மிஞ்சுவது உடலன்றி வேறென்ன? காப்பற்ற உழைப்பின் விலை என்ன என்று கேட்பவருக்கு இதைவிட விளக்கம் தேவையா? மேடை இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்க வேண்டும்.

ஊர்ப்புறத்துக்கு வருவோம். 2005ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டத்துக்கு நம் மக்கள் வைத்த பெயர் நூறு நாள் வேலை. எவ்வளவு அழகிய பெயர்! உரிமையின் அளவே பெயராயிற்று. அதனை அகற்றி 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின் பெயரை, சேந்தமங்கலத்து மூதாட்டி ஒருவர் வாயில் நுழைத்துப் பார்க்கட்டும்: விக்சித் பாரத் கியாரண்டி ஃபார் ரோஜ்கார் அண்ட் ஆஜீவிகா மிஷன் கிராமீண்! யாருக்காகச் சட்டமோ அவர் உச்சரிக்கலாகாது என்றே வைத்த பெயர் போலும். நம் பேச்சாளர் பலர் இந்தப் பெயரிலேயே சிக்கிக்கொள்கின்றனர். காந்தியார் பெயர் போயிற்றே என்பதோடு நிறுத்திக்கொள்கின்றனர். அது வருந்தத்தக்கதுதான். ஆனால், மூதாட்டியின் அடுப்பைத் தொடுவது வேறு. முன்பு கூலிச் செலவு முழுவதும் மத்திய அரசுடையது. புதிய சட்டத்தில் நம் போன்ற மாநிலங்கள் நூற்றுக்கு 40 பங்கு தாங்க வேண்டும். ஒதுக்கீட்டை மத்திய அரசு வரையறுக்கும். மிஞ்சிய செலவு மாநிலத்தின் தலையில் விழும். விதைப்பும் அறுவடையும் நடக்கும் பருவத்தில் 60 நாள்வரை வேலை நிறுத்தப்படும். 125 நாள் என்று தாளில் கூட்டியவர்கள், கூலி பேரம்பேச உழவுத் தொழிலாளிக்கு வலுவிருக்கும் அந்தப் பருவத்தில் அவளுக்கிருந்த மாற்று வழியை அடைக்கிறார்கள். நடவுக்குப் பண்ணையார் சொல்லும் கூலிக்குத்தான் போகவேண்டும் என்றாகும். இதைச் சொல்ல வடமொழியும் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம். நாற்றங்கால் வரப்பில் நின்று நான்கு வாக்கியம் போதும்.

பகைவன் வாசலில் நிற்கையில் நம்மவர் பேச்சில் குற்றம் காண்பதா என்று கேட்பர் சிலர். பொருட்குற்றம் இருந்தால் புலவன் நக்கீரனாயினும் நாம் சொல்வோம். ஏனெனில் இந்தக் குற்றத்துக்குத் தண்டனை அனுபவிப்பவர் பேச்சாளர் அல்லர், கேளாமல் போகிற தறிக்காரர்.

வழி நமக்குப் புதியதும் அன்று. 1944 ஆகஸ்டு 27இல் இதே சேலத்தில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகமாயிற்று. பட்டமும் பதவியும் பாராட்டியோரின் மாளிகையிலிருந்து மக்களின் தெருவுக்கு இயக்கம் இறங்கிவந்தது. 1953இல் கைத்தறியாளர் பட்டினி கிடந்தபோது, அண்ணா திருச்சித் தெருவில் துணிமூட்டையைத் தோளில் சுமந்து விற்றார். நெசவாளியின் துயரம் பற்றி அவருக்குப் பேசத் தெரியாதா? பேச்சுக்கு அரசரான அவரே, அன்று துணியைப் பேசவிட்டார். கேட்டவர்க்குப் புரிந்தது, வாங்கியவர்க்கு இன்னும் நன்றாகப் புரிந்தது.

இன்றைய துண்டறிக்கையும் அப்படித் தோளில் சுமந்து வரட்டும். நாள் ஷிப்டு முடிந்து இரவு ஷிப்டு தொடங்கும் நேரத்தில், பட்டறை வாயிலில் அது கைக்கு வரட்டும். அதில் ஐந்து கேள்விகள் போதும்: உங்கள் பட்டறையில் எத்தனைபேர்? எத்தனை மணி நேரம்? நியமனக் கடிதம் தந்தார்களா? பாக்கி எவ்வளவு, அதற்குக் கணக்குச் சீட்டு உண்டா? நலவாரியத்தில் பதிந்தாயிற்றா? விடைகளை எழுதி வாங்கித் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொண்டுபோய் வைப்போம். எழுதிக்கொடுத்த தறிக்காரர் அடுத்த கூட்டத்தில் ஓரத்தில் நிற்கமாட்டார்; தம் விடை என்னாயிற்று என்று கேட்க முன்வரிசைக்கு வருவார்.

ஒருநாளும் கையில் வாங்காத உரிமைக்காக எவரும் களம் புகுவதில்லை. முதலில் அதை அவர் கையில் கொடுங்கள். பிறகு பறிக்க வருவோரை அவரே பார்த்துக்கொள்வார்.